மூன்றாவது வேளை

“இல்லை” என்று சொன்னது வயலெட்தான், நான் சொல்லவில்லை. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் கேட்டார். “வீட்டுல ஏதாவது மருந்து குடுத்தீங்களா? மாத்திரை, சிரப், எதாவது?” வயலெட் உடனே, “ஒண்ணும் குடுக்கல டாக்டர்” என்றாள். முப்பத்தாறு வருஷமாக என்னோடு குடித்தனம் செய்கிறவள், என் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்னால் தெரிந்தவள், அத்தனை உறுதியாகச் சொன்ன பிறகு குறுக்கே எப்படி விழுவது என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். அந்த ஒரு கணத்தில் டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வெங்காயம் போட்ட எதையாவது தின்றதா, எலிமருந்து வைத்த இடம் பக்கத்தில் உண்டா, தடுப்பூசி எப்போது போட்டது. எல்லாவற்றுக்கும் வயலெட்தான் பதில் சொன்னாள். நான் கூடையின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் தெரியாத ஆள் நிற்பதுபோல நின்றேன். முன்னங்காலில் கொஞ்சம் மயிரைச் சிரைத்து ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் சிவப்பாக இல்லை, டிகாஷன் நிறத்தில் இருந்தது. டாக்டர் அந்தக் குழாயை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரிசல்ட் வர அரைமணி ஆகும், வெளிய உக்காருங்க” என்றார். இப்போது மணி பத்து நாற்பது. பாளையங்கோட்டையில் இந்த நாய் பூனை ஆஸ்பத்திரியின் வராந்தா பெஞ்சில் நானும் வயலெட்டும் இருக்கிறோம். வயலெட் மடியில் கூடை, கூடைக்குள் பாக்கு. பாக்கு எங்கள் பூனை. நேற்றிலிருந்து நான் அதற்குக் காய்ச்சல் மருந்து கொடுத்திருக்கிறேன், இரண்டு வேளை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கைக்குழந்தைக்குக் கொடுக்கிற சொட்டு மருந்து. பாரசிட்டமால்தான், பழ வாசனை போட்டு, கூடவே அளந்து ஊற்ற ஒரு சின்னக் குழாயும் வைத்து வரும். ஒரு மில்லியில் நூறு மில்லிகிராம். கிலோவுக்குப் பதினைந்து என்பது குழந்தைக் கணக்கு. பூனையை எங்களுக்குத் தந்த ஹேமா மேடம் கொடுத்த சீட்டில் பாக்குவின் எடை மூன்று கிலோ. மும்மூன்று பதினைந்து, ஆக நாற்பத்தைந்து, அரை மில்லிக்கும் ஒரு சொட்டு குறைவு. பார்த்தீர்களா, மும்மூன்று பதினைந்தாம், வாய் குழறுகிறது. நேற்று குழறவில்லை. நேற்று காகிதம் பேனா இல்லாமல் ஒரு மூச்சில் போட்டேன். கணக்கில் பிழை இல்லை, இப்போதும் சொல்கிறேன், பிழை இல்லை, அதுதான் என்னை இப்படிப் போட்டு அறுக்கிறது. கை நடுங்கிக் கூடுதலாக ஊற்றியிருந்தால் கிழட்டுக் கை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் முப்பத்துநான்கு வருஷம் நின்ற கை இது. சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கிய சான்றிதழில் வேறு ஒருவர் பெயர் இருந்தது, அவரை நானே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். மருந்து எடுத்துக் கொடுத்தது நான். “அண்ணாச்சி, மேலுக்கு முடியல, ஒரு செட் தாங்க” என்று வருவார்கள். செட் என்றால் நாலு மாத்திரை, காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று, தெம்புக்கு ஒன்று, சின்னக் காகிதக் கவரில் போட்டு மேலே காலை மாலை என்று கோடு கிழித்துக் கொடுப்பேன். முகத்தைப் பார்த்தே எடுப்பேன். டாக்டரிடம் போனால் மூன்று மணிநேரம் உட்கார வேண்டும், என்னிடம் மூன்று நிமிஷம். வயலெட் கேலி செய்வாள், “ஆயிரம் பேரக் கொன்னாத்தான் அரை வைத்தியனாம், உங்களுக்கு இன்னும் எத்தன பாக்கி?” என்று. நானும் சிரிப்பேன். அந்தக் கேலிக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு அவளுக்கு, என் புருஷன் கைராசிக்காரன் என்று. தெருவில் யாருக்குத் தலைவலித்தாலும் என்னைத்தான் எழுப்புவாள்.

தங்கராஜ் நினைப்பு ஏன் இப்போது வருகிறது. லாரி செட்டில் வேலை பார்த்த தங்கராஜ். ஒரு மழை நாளில் வந்து, “அண்ணாச்சி, அம்மைக்கு நெஞ்சு கரிக்காம், ராத்திரி எல்லாம் தூங்கல” என்றான். வியர்க்கிறதா என்று நான் கேட்கவில்லை. கை வலிக்கிறதா என்று கேட்கவில்லை. ரோஸ் கலரில் ஒரு குப்பி எடுத்துக் கொடுத்தேன், சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு மூடி. மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது அவன் தெருவில் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. சைக்கிளைத் திருப்பி அடுத்த தெரு வழியாகப் போனேன், பிறகு ஒரு மூன்று மாதம் அப்படித்தான் போனேன். அது அவன் அம்மாவாக இல்லாமல் இருக்கலாம், பக்கத்து வீட்டுக் கிழவராக இருக்கலாம், நெஞ்சுக் கரிப்பு வெறும் நெஞ்சுக் கரிப்பாகவே இருந்திருக்கலாம். தங்கராஜ் அப்புறமும் கடைக்கு வந்தான், “நல்லா இருக்கியளா அண்ணாச்சி” என்றான், இருமல் மருந்து வாங்கினான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்க நாலு வார்த்தை போதும். பதினோரு வருஷமாக அந்த நாலு வார்த்தை என் தொண்டையில் கிடக்கிறது. அதெல்லாம் போகட்டும், இது பூனை. பூனைதானே என்று சொல்லிப் பார்க்கிறேன், மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

கூடைக்குள் மூச்சு வேகமாகப் போகிறது. வயலெட் கூடையின் கம்பிக்குள் ஒரு விரலை விட்டு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போயிரலாம்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஆறு வாரமாக இதே குரலில்தான் பேசுகிறாள். பாக்கு வந்த நாளில் கூடையைத் திறந்ததும் ஓடி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போனது, அவ்வளவுதான், அதுதான் அதற்கு வீடு. மூடிக் கிடந்த ஒரு குடோனில் ஷட்டருக்குள் மாட்டிப் பல நாள் கிடந்த பூனையாம், ஹேமா மேடம்தான் எடுத்து வளர்த்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறேன் என்று எங்களிடம் தந்தார். கல்லூரியில் பாடம் எடுக்கிறவர், அதனால் எல்லாம் எழுத்தில்தான். ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். வெளியே விடமாட்டேன், வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன், டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கமாட்டேன். அந்த மூன்றாவது வரியைப் படித்து நான் சிரித்தேன். “மேடம், எனக்கேவா?” என்றேன். அவரும் சிரித்துவிட்டு, “எல்லாருக்கும்தான் சார்” என்றார். போட்டேன் கையெழுத்து. பிறகு ஆறு வாரம் அந்தப் பூனையின் வாலைத் தவிர நான் எதையும் முழுசாகப் பார்க்கவில்லை. நாங்கள் படுத்த பிறகு வந்து தின்னும், காலையில் தட்டு காலியாக இருக்கும். வயலெட் தினமும் மதியம் வாஷிங் மெஷின் பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு பேசுவாள். பால்வாடி டீச்சராக இருந்தவள், வராத பிள்ளையை வரவைக்கத் தெரியும் என்று நம்பினாள். மூட்டு வலியோடு தரையில் படுக்காதே என்று சத்தம் போட்டேன். “இது நம்மள ஒண்ணும் செய்யச் சொல்லலியே, பக்கத்துல இருக்கத்தான சொல்லுது” என்றாள். அது அதைக்கூடச் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பது என்பது எனக்கு வராத வேலை. முப்பத்துநான்கு வருஷத்தில் யாரோடும் நான் பக்கத்தில் இருந்ததில்லை, நடுவில் கண்ணாடி மேசை இருந்தது, அவர்கள் அந்தப் பக்கம் இருந்து கேட்டார்கள், நான் இந்தப் பக்கம் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

முந்தாநாள் அது தும்மியது. தட்டில் பாதி மிச்சம் இருந்தது. அது தூங்கும்போது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கையை நீட்டிக் காதைத் தொட்டேன், சூடு. ஹேமா மேடத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். டாக்டருக்குப் போட்டிருக்கலாம். வயலெட்கூட, “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா?” என்றாள். “ஒரு தும்மலுக்கா? அதைக் கூடையில அமுக்கி, ஆட்டோல ஏத்தி, பயத்துலயே செத்துரும்” என்றேன். செத்துரும் என்று என் வாயால்தான் சொன்னேன். நேற்று பதினோரு மணிக்கு வயலெட் குளிக்கப் போனபோது, சாளை மீனை வேகவைத்து, முள்ளெடுத்து, அந்தத் தண்ணீரில் மருந்தைக் கலந்து, பிசைந்து, விரலில் எடுத்து வாஷிங் மெஷின் ஓரமாக நீட்டினேன். சும்மாதான் நீட்டினேன், தட்டில் வைத்துவிட்டுப் போவதாகத்தான் இருந்தேன். ஒரு மூக்கு வந்தது. பிறகு முழு முகமும். பிறகு நாக்கு, சொரசொரவென்று, என் ஆள்காட்டி விரலில். அறுபத்திரண்டு வயதில் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு வந்த வயலெட் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் ஜாடையில் பேசாதே என்றேன். அவள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அது முடித்துவிட்டு உள்ளே போனதும், “எப்படிங்க?” என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம், மருந்து கலந்தேன், காய்ச்சலுக்கு, பசியில் வந்தது என்று. நான் என்ன சொன்னேன்? “கைராசி” என்றேன்.

எதிர் பெஞ்சில் ஒருவர் சேவலை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். சேவல் என்னையே பார்க்கிறது. நான் போனை எடுத்து, வயலெட்டுக்குத் தெரியாமல் திருப்பிப் பிடித்து, பூனை பாரசிட்டமால் என்று அடித்தேன். முதல் வரி போதும். பூனையின் உடம்புக்கு அதைக் கரைத்து வெளியேற்ற வழி கிடையாதாம், கால் மாத்திரை கூட உயிரை எடுக்குமாம். போனை அணைத்துப் பையில் போட்டேன். முகம் வீங்கும் என்று இரண்டாவது வரி இருந்தது, அதையும் படித்துவிட்டேன் போலிருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வயலெட் பார்த்தபோது முகம் வீங்கித்தான் இருந்தது. சரி, ரத்தத்தில் தெரிந்துவிடும். அதற்குத்தானே எடுத்தார்கள். டாக்டர் படித்தவர், கண்டுபிடித்துவிடுவார், நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. ஆனால் பெயர் போட்டா வரும் ரத்தத்தில்? இன்ன மருந்து, இன்னார் கொடுத்தது, இன்ன மணிக்கு என்று? கெட்டுப்போயிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும், கெடுத்தது யார் என்று தெரியாது. டாக்டர் அவராக ஒன்றை நினைத்துக்கொண்டு வேறு எதற்கோ வைத்தியம் தொடங்குவார். இதற்கு மாற்று மருந்து மனிதர்களுக்கு இருக்கிறது, எனக்குத் தெரியும், பெரியாஸ்பத்திரி சீட்டில் எழுதி வந்து என் கடையிலேயே வாங்கிப் போயிருக்கிறார்கள். மாத்திரையை அள்ளி விழுங்கிய ஒரு பெண்ணுக்காக அவள் அண்ணன் ஓடி வந்தான். எத்தனை மணிக்கு விழுங்கினாள் என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி என்று அவன் சொன்னான். மணிதான் முக்கியம். மணி இப்போது பத்து ஐம்பத்தைந்து. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போய்க் கதவைத் தட்டி, டாக்டர், ஒரு நிமிஷம், தனியாக, என்று சொன்னால் முடிந்தது. இரண்டு வேளை கொடுத்தேன், நேற்று பதினோரு மணி, சாயங்காலம் ஆறு மணி. இரண்டு வேளை.

மூன்று. மூன்று வேளை. ஏன் நான் இரண்டு இரண்டு என்றே எண்ணிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது இன்று காலை ஏழு மணிக்கு. நேற்று சாயங்காலமும் அது என் விரலை நக்கியதைக் கதவிடுக்கில் நின்று பார்த்த வயலெட் இரவு சாப்பிடும்போது, “எனக்கு ஏன் வரல?” என்று கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை, கணக்கு வராத பிள்ளை கேட்பதுபோலக் கேட்டாள். ஆறு வாரம் தரையில் படுத்தவள் அவள். எனக்குப் பாவமாக இருந்தது, கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்துதான் அந்த யோசனை வந்தது. காலையில் மீனை நானே பிசைந்தேன், நானே அளந்து கலந்தேன், கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன். “இன்னைக்கு நீ நீட்டு, வரும் பாரு” என்றேன். “எப்படிச் சொல்லுதீங்க?” என்றாள். “வரும்ங்கேன்” என்றேன். வந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவள் விரலை ஒவ்வொன்றாக நக்கியது, கடைசியில் நெற்றியை அவள் மணிக்கட்டில் ஒரு தடவை உரசியது. அப்படி என் கையில்கூட உரசியதில்லை. வயலெட் சத்தமில்லாமல் அழுதாள், மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள், மற்றொரு கையால் என் முழங்காலைப் பிடித்து அமுக்கினாள். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள், ஹேமா மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். “என் கையில சாப்பிட்டுட்டு மேடம், என் கையில!” என்று. நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டு சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு நல்லது செய்த திருப்தி எனக்கு. இப்போது அந்த மூன்றாவது வேளையை நான் எப்படிச் சொல்வது. முதல் இரண்டும் என் பாவம், என் விரல், நான் சுமந்துகொள்வேன். மூன்றாவதை யார் கையால் கொடுத்தேன்? அவளிடம் மறைத்துவிடலாம். மூன்றும் நானே கொடுத்தேன், அதிகாலை ஐந்து மணிக்கே கொடுத்தேன், நீ கொடுத்தது வெறும் மீன் என்று சொல்லிவிடலாம். ஐந்துக்கும் ஏழுக்கும் இரண்டு மணிநேரம்தான், பெரிய வித்தியாசம் ஒன்றும் வந்துவிடாது. வந்துவிடுமோ? எனக்குத் தெரியாது. இதுதான் இன்றைக்கு எனக்குப் புதிது, ஒரு மருந்தைப் பற்றி எனக்குத் தெரியாது என்பது. தெரியாததை வைத்துத்தான் மறுபடியும் அளக்கப் போகிறேன்.

“நீ இரி, தண்ணி குடிச்சிட்டு வாரேன்” என்று எழுந்தேன். டாக்டர் அறைக் கதவு வரை போனேன். வாசலில் இருந்த நர்ஸ், “உள்ள டாக் ஒண்ணு இருக்கு சார், கூப்பிடுவோம்” என்றாள். அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கேட்டதற்காகப் போய்க் குடிக்கவும் செய்தேன், தாகமே இல்லை. டம்ளரைக் கழுவி வைத்தேன். உள்ளே நாய் வலியில் கத்திக்கொண்டிருந்தது, அதன் வீட்டுக்காரர் அதட்டிக்கொண்டிருந்தார். தனியாகப் பேசக் கிடைக்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன், வயலெட் காதில் விழாத ஒரு நிமிஷம், அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை என்பதுபோல. அப்போதுதான் அவள் கூப்பிட்டாள். “என்னங்க! இங்க வாங்க, வாயத் திறந்து மூச்சு விடுது!” சேவல்காரர் எழுந்து நின்றார். வயலெட் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், முட்டி மடங்காத கால்களால். நர்ஸ் கதவைத் திறந்துவிட்டாள், நாயை இறக்கினார்கள், மேசை மேல் பாக்குவை வைத்தார்கள். வீங்கிய முகத்தில் கண் பாதி மூடியிருந்தது. ஈறைத் தூக்கிப் பார்த்த டாக்டர், “ரிசல்ட் இப்பதான் பாத்தேன், ரத்தத்துல ஆக்சிஜன் ஏறல. உண்ணிக் காய்ச்சலா இருக்குமான்னு ஒரு சந்தேகம், அதுக்கு முதல்ல ஆரம்பிச்சுப் பாக்குறேன்” என்றார். ஊசியை எடுக்கத் திரும்பினார்.

“பாரசிட்டமால்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். “நான் குடுத்தேன் டாக்டர். குழந்தைச் சொட்டு மருந்து. மீன்ல கலந்து.” டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை, அதற்கு அவருக்கு நேரமில்லை. நர்ஸிடம் மாற்று மருந்தின் பெயரைச் சொல்லி ஓடச் சொன்னார், ஆக்சிஜன் குழாயை இழுத்துப் பாக்குவின் மூக்கில் வைத்தார், என் பக்கம் திரும்பாமலே, “எவ்வளவு? எத்தன தடவை? எத்தன மணிக்கு? கரெக்டா சொல்லுங்க” என்றார். “தடவைக்கு நாப்பத்தஞ்சு மில்லிகிராம். மூணு தடவை. நேத்து காலைல பதினோரு மணி. சாயங்காலம் ஆறு.” அதோடு நிறுத்தினேன். வயலெட் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பாக்குவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. “மூணாவது?” என்றார் டாக்டர். ஐந்து மணி என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாக்குவின் விலா ஏறி இறங்கியது. “இன்னைக்குக் காலைல ஏழு மணி” என்றேன். வயலெட் கணக்கு டீச்சர் இல்லை, ஆனாலும் இந்தக் கணக்குக்கு அவளுக்கு நேரம் ஆகவில்லை. அவள் டாக்டரைப் பார்த்துத்தான் பேசினாள், மெதுவாக, எல்லாவற்றையும் விட்டுப்போகாமல் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல. “ஏழு மணிக்கு நாந்தான் குடுத்தேன் டாக்டர். இவங்க இல்ல, நான். கிண்ணத்துல மிச்சம் வைக்கல, முழுக்கச் சாப்பிட்டுட்டு. என் கையில.”